புறநகர் எது? மாநகர் எது?



"ஐயா, பெட்டாலிங் ஜெயா புறநகரா, மாநகரா?" என ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் வகுப்பில் வினவினான். சிறு வினாவெனினும் நம் வாழ்வைத் தொடும் வினா அது.

கோலாலம்பூரில் மக்கள் நெருக்கம் மிகுந்தமையால், 1950களின் தொடக்கத்தில் எஃபிங்காம் என்னும் இரப்பர்த் தோட்டத்து நிலத்தில் எழுப்பப்பட்ட குடியிருப்பே பெட்டாலிங் ஜெயா. அன்று அது துணை நகரம். குடியிருந்தோர் பலர் காலையில் கோலாலம்பூருக்கு வேலைக்குச் சென்று, மாலையில் உறங்கத் திரும்பினர். பின்னர்த் தொழிற்சாலைகளும் மருத்துவமனையும் கல்லூரிகளும் அங்கேயே தோன்றின. பிற ஊரார் அங்கு வேலை தேடி வந்தனர். 1977இல் நகராட்சியான அவ்வூர், 2006 சூன் 20ஆம் நாள் மாநகராயிற்று.

மக்கள் தொகையையும் வருமானத்தையும் கணக்கிட்டே அரசு அப்பெயரை வழங்குகிறது. ஆயினும் அளவுகோல் வேறொன்றும் உண்டு என்பது என் கருத்து. பிற ஊரை நம்பி வாழ்வது புறநகர். பிற ஊரார் நம்பி வருவது மாநகர்.

இவ்வளவுகோலால் நம் தோட்டத்தை அளந்து பாருங்கள். அங்கே வறுமையும் கெடுபிடியும் இருந்தன. அவற்றை நான் புகழவில்லை. எனினும் வேலைக்காடு, லயம், ஆயாக் கொட்டகை, மாரியம்மன் கோயில், தமிழ்ப்பள்ளி யாவும் கூப்பிடு தூரத்தில் இருந்தன. ஒரு வீட்டில் இழவு விழுந்தால் லயமே திரண்டது. தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் குடிபெயர்ந்த பின், அண்டை வீட்டார் பெயரும் அறியாது வாழ்வோர் நம்மில் பலர். அவர்கள் பெற்றது வீடு; இழந்தது ஊர்.

எஃபிங்காம் தோட்டம் மறைந்தது. ஆயினும் பண்டார் உத்தாமாவில் எஃபிங்காம் தமிழ்ப்பள்ளி அப்பெயரைத் தாங்கி நிற்கிறது. சுபாங் ஜெயாவில் சீபீல்டு தமிழ்ப்பள்ளியும் அவ்வாறே. மரம் போயிற்று, லயம் போயிற்று, பள்ளி நின்றது. பிள்ளைகளை அனுப்பப் பெற்றோர் இருந்தமையால் அன்றோ நின்றது!

ஆகவே பெற்றோர்களே, நாளை நீங்கள் எத்தாமானுக்குச் சென்றாலும், வீட்டு விலையை மட்டும் விசாரியாதீர். அருகில் தமிழ்ப்பள்ளி எங்குள்ளது எனவும் கேளுங்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்திற்கு வாருங்கள். அண்டை வீட்டாரின் நன்மை தீமைகளில் கலந்து கொள்ளுங்கள். உறங்குவதற்கு மட்டும் ஓர் இடம் போதுமெனில் நாம் எங்கிருந்தாலும் புறநகர் மாந்தரே. ஊரை அரசு பெயரிடலாம். உருவாக்க வேண்டியவர் நாமே.

வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி!

தலைமையாசிரியர்