அவளுக்குக் கண்கட்டு இல்லை

மதிய இடைவேளையில் துறை அறைக்கு ஒரு மாணவி டாரட் கார்டுகளைக் கொண்டுவந்திருந்தாள். ஊட்டிக் குளிருக்கு ஜன்னலை அடைத்துவிட்டு நாலைந்து பேர் அவளைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். கிளி ஜோசியம் என்றால் சிரிக்கிறவர்கள் இதற்கு மட்டும் மூச்சடக்கி உட்காருவதேன் என்று கிண்டல் செய்தேன். "நீங்களும் ஒன்னு எடுங்க மேடம்" என்றாள். எடுத்தேன். 11-ஆம் எண், நீதி. சிவப்பு அங்கியில் ஓர் உருவம், வலக்கையில் நிமிர்ந்த வாள், இடக்கையில் தராசு. செல்பேசியில் பொருள் தேடி வாசித்தாள்: பிறரிடம் கனிவாக இருங்கள், உங்களை நீங்களே மன்னித்துக்கொள்ளுங்கள்.

எனக்குச் சுருக்கென்றது. மன்னிப்பதற்கு முதலில் குற்றம் வேண்டும். யார் சாட்டிய குற்றம்? யாருடைய எடைக்கல்? அதைக் கேட்காத கனிவு எனக்கு வேண்டாம்.

தராசு நான் படத்தில் மட்டும் பார்த்த பொருள் அல்ல. என் அம்மா குன்னூர்ப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் இலை பறித்தாள். சாயங்காலம் எடை போடும் இடத்தில் வரிசை நிற்கும். வரிசையில் எல்லோரும் பெண்கள். எடை சொல்பவர் ஆண். ஈரத்துக்கு இத்தனை, சாக்குக்கு இத்தனை என்று கழித்த பிறகுதான் கிலோ நோட்டில் ஏறும். லைன் வீட்டுக்குத் திரும்பும் வழியில் அந்தக் கழிவைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை. "அவளுக்கு இருபது கிலோகூடத் தேறல, நாள் முழுக்க வாய்தான்" என்பார்கள். அந்த அவளுக்கு அப்போது ஏழாம் மாதம்.

படித்த பிறகு இதையே நாங்கள் தமிழில் செய்தோம். கற்பில் சிறந்தவள் கண்ணகியா, மாதவியா? இந்தத் தலைப்பில் பட்டிமன்றம் நடத்தாத கல்லூரி தமிழ்நாட்டில் இருக்குமா, தெரியாது. நான் கண்ணகி அணி. மாதவியைக் கிழித்துத் தொங்கவிட்டேன். பரிசாக ஓர் எவர்சில்வர் குடம் கிடைத்தது. ஒரு தட்டில் கண்ணகி, மறு தட்டில் மாதவி. முதலாமவளை விட்டுப் போனவனும், பாட்டின் பொருளைத் தானாகக் கற்பித்துக்கொண்டு இரண்டாமவளை விட்டுப் போனவனும் ஒரே ஆள். அவன் எந்தத் தட்டிலும் ஏறவில்லை. விசாரிக்காமல் கொலைக்கு ஆணையிட்ட பாண்டியனோ, தவறு தெரிந்ததும் உயிர்விட்டான் என்ற பெருமையோடு பாடத்தை விட்டு வெளியேறிவிடுகிறான். நடுவர் மணியடிக்கிறார். இரண்டு பெண்களும் இன்னும் தராசில் ஆடிக்கொண்டிருக்கிறார்கள்.

பிறர் குற்றத்தைப் பார்ப்பதுபோல் தன் குற்றத்தையும் பார்க்கச் சொன்னார் வள்ளுவர். ஆண்கள் அதைப் படிக்கட்டும், நல்லது. பெண்கள் அந்தப் பாடத்தில் என்றோ தேறிவிட்டோம். குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலும், குழம்பில் உப்பு கூடினாலும், பேருந்தில் எவனோ இடித்தாலும் முதலில் நம்மையே விசாரிக்கிறோம். நமக்குப் பாக்கியிருப்பது இன்னொருத்தி எங்கே நின்றுகொண்டு அதைச் செய்தாள் என்று பார்ப்பது.

இதை எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், சொல்லிவிடுகிறேன். கோத்தகிரிப் பக்கத்திலிருந்து வரும் இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி. சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பிய குடும்பம். முதல் வகுப்புக்கு எப்போதும் தாமதம். ஒருநாள் எல்லோர் முன்னாலும் சொன்னேன்: "படிக்க இஷ்டமில்லன்னா இலை பறிக்கப் போ."

அவள் கோபப்படவில்லை. "சனி, ஞாயிறு போயிட்டுத்தான் மேடம் இருக்கேன்" என்றாள்.

லைனிலிருந்து பேருந்து நிற்கும் இடத்துக்குத் தேயிலைக்கு நடுவே நடந்து வரவேண்டும், பாதையில் காட்டெருமை நின்றால் அது நகரும்வரை காத்திருக்க வேண்டும் என்பதெல்லாம் பிறகு அவளுடைய தோழி சொல்லித் தெரிந்தது. எனக்கே தெரிந்திருக்க வேண்டியது. நானும் அப்படி நின்றவள்தான்.

அதன்பின் பல வாரம் என்னையே வறுத்துக்கொண்டேன். நீயெல்லாம் ஒரு ஆசிரியையா, நீயெல்லாம் பெண்ணியம் எழுதுகிறாயா என்று. அந்தச் சுயவதையால் அவளுக்கு ஒரு நாள் வருகைகூடக் கிடைக்கவில்லை. அதிலும் நடுவில் நான்தான் உட்கார்ந்திருந்தேன். ஒருவழியாக அந்த வாக்கியம் எங்கிருந்து வந்ததென்று தேடினேன். அம்மாவிடமிருந்து. "படிக்கலைன்னா இலை பறிக்கத்தான் போகணும்" என்று அடுப்பருகே உட்கார்ந்து தினமும் சொன்னவள் அவள். என்னைக் காப்பாற்ற, தன் உழைப்பையே தண்டனையாக்கி எனக்குக் காட்டினாள். அதை அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? எடை சொன்னவரின் குரல் அவள் வாய்வழியாக எனக்கு வந்து, என் வாய்வழியாக அந்தப் பிள்ளைக்குப் போயிருக்கிறது. அம்மாமேல் கோபம் வரவில்லை. அந்த வாக்கியத்தின்மேல் வந்தது.

கனிவு என்றதும் நம்மிடம் நீளும் இன்னொரு கையும் உண்டு. மாணவி புகார் கொடுத்தால் "அவருக்கும் குடும்பம் இருக்கும்மா" என்பார்கள். அடித்தவனிடம் அனுசரித்துப் போகச் சொல்வார்கள். இதையும் கனிவு என்றுதான் அழைக்கிறார்கள். அந்தச் சீட்டில் இருப்பவள் வாளைக் கீழே வைக்கவில்லை என்பதை அவர்களுக்குக் காட்ட வேண்டும்.

அந்தப் படத்தை வரைந்தவர் பமேலா கோல்மன் ஸ்மித், 1909-இல். முழுக் கட்டையும் வரைந்த வேலைக்கு மிகக் குறைந்த பணமே கிடைத்ததென்று நண்பருக்கு எழுதினார். கட்டு பதிப்பகத்தின் பெயரிலும், வரையச் சொன்ன வெய்ட்டின் பெயரிலும் உலகம் சுற்றியது. அவர் 1951-இல் கடனோடு இறந்தார். அவர் வரைந்த நீதிக்குக் கண்கட்டு இல்லை. பழைய பிரெஞ்சுக் கட்டுகளிலும் இல்லை. கண்ணைக் கட்டினால்தான் நடுநிலை என்று பாடப்புத்தகத்தில் படித்த நாம், உச்சநீதிமன்றத்தில் 2024-இல் கண்கட்டில்லாமல், வாளுக்குப் பதில் அரசியல் சட்டத்தோடு சிலை வைத்தபோது ஆச்சரியப்பட்டோம். கட்டிய கண்ணுக்கு ஏழாம் மாத வயிறும் தெரியாது, காட்டெருமையும் தெரியாது. தெரிவது கிலோ மட்டும்.

கோத்தகிரிப் பெண் இன்னும் தாமதமாகத்தான் வருகிறாள். முதல் வகுப்பின் வருகைப்பதிவை இப்போது நான் மணியடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது எடுக்கிறேன். அது விதிமீறல் என்று துறையில் ஒருவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். பதில் எழுத வேண்டும்.