டிராக்டருக்கு ஒரே சீட்டுதான்

வண்டி வந்து மூணு மாசம் ஆகப்போகுது. இன்னைக்குக் காலையில பார்த்தப்போ ஹவர் மீட்டர் 118 காட்டுச்சு. காருக்குக் கிலோமீட்டர் மாதிரி டிராக்டருக்கு வயசு மணிக்கணக்குதான். 50 மணி நேரத்துல முதல் சர்வீஸ் முடிஞ்சது. "இனிமே தைரியமா அமுக்கி ஓட்டுங்க"ன்னு மெக்கானிக் சொல்லிட்டுப் போனார். தைரியம் எனக்குக் கூடியிருக்கான்னு கேட்டா, முதல் வாரத்துல இருந்ததைவிடக் குறைஞ்சுதான் இருக்கு. அதை எழுதத்தான் இந்தப் பதிவு.

வாங்கின கதையைச் சுருக்கமாச் சொல்லிடறேன். போன செப்டம்பர் 22-ஆம் தேதி டிராக்டருக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைஞ்சது. ரெண்டு வருஷமாத் தள்ளிப்போட்டுக்கிட்டே வந்தவன், அந்தச் சாக்கில் ஆயுத பூஜைக்கு எடுத்துட்டேன். 45 குதிரைத்திறன். ரோட்டவேட்டரும் ஒன்பது கொத்துக் கலப்பையும் சேர்த்து எடுத்தாச்சு. மிச்சத்துக்குக் கடன், ஆறு மாசத்துக்கு ஒரு தவணை. எந்தக் கம்பெனின்னு கேட்காதீங்க. நீலமா சிவப்பான்னு எங்க ஊர் டீக்கடையில ஏற்கெனவே ரெண்டு கட்சி இருக்கு. மூணாவது கட்சியை நான் ஆரம்பிக்க விரும்பலை.

டிராக்டர் ஓட்டத் தெரியாதவன் இல்லை நான். வாடகை வண்டிக்காரர்கள் டீ குடிக்கப் போகும் நேரத்துல பத்து சால் ஓட்டிப் பழகினதுதான். ஆனா அடுத்தவன் வண்டியில நேரா நாலு சால் ஓட்டுறதும், நம்ம வண்டியை நாமே கட்டி மேய்க்கிறதும் வேற வேறன்னு முதல் நாளே தெரிஞ்சுபோச்சு. கிளட்ச்சுல ரெண்டு நிலை உண்டு. பாதி மிதிச்சா வண்டி நிக்கும், பின்னாடி ரோட்டவேட்டர் சுத்திக்கிட்டே இருக்கும். முழுசா மிதிச்சாத்தான் அதுவும் நிக்கும். பைக்கும் காரும் ஓட்டின காலுக்கு இந்தப் பாதி கணக்கு புரியவே ஒரு வாரம் ஆச்சு. டாப் லிங்க் திருகை ரெண்டு சுத்து கூடவோ குறையவோ வெச்சா கலப்பை மூக்கைக் குத்திக்கிட்டு நிக்குது, இல்லேன்னா மண்ணை மேலாப்புல கீறிட்டுப் போகுது. பின் டயர் ரெண்டுலயும் முக்கால் வாசி தண்ணி நிரப்பியிருக்குன்னு சொன்னா, பட்டணத்து நண்பர்கள் நான் கிண்டல் பண்றதா நினைக்கிறாங்க. நிஜந்தாங்க. அந்தக் கனம் இல்லேன்னா டயர் ஒரே இடத்துல சுத்திக்கிட்டுக் கெடக்கும், வண்டி நகராது.

பிரேக்கைத் தனியாச் சொல்லணும். டிராக்டருக்கு பிரேக் பெடல் ரெண்டு. இடது சக்கரத்துக்கு ஒண்ணு, வலதுக்கு ஒண்ணு. வரப்போரத்துல சட்டுன்னு திருப்பறப்போ ஒரு பக்கத்தை மட்டும் அமுக்கினா அந்தச் சக்கரம் நின்னு வண்டி இருந்த இடத்துலயே வட்டமடிக்கும். அருமையான ஏற்பாடு. ஆனா ரோட்டுக்கு வரும்போது ரெண்டு பெடலையும் ஒரு கொக்கி போட்டு இணைச்சிடணும். ரெண்டாம் நாள் அந்தக் கொக்கியை மறந்துட்டு டீசல் போடக் கிளம்பினேன். பாலத்துத் திருப்பத்துல எதிரே பஸ். பிரேக் மிதிச்சேன், ஒரு பெடல் மட்டும் இறங்குச்சு. வண்டி வலது பக்கமா, பஸ்ஸை நோக்கி ஒரு இழு இழுத்துச்சு. மெதுவாப் போனதால தப்பிச்சேன். பஸ் டிரைவர் என்னைப் பெத்தவங்களை விசாரிச்சுட்டுப் போனார்.

அதுகூடப் பரவாயில்லை. சொல்ல வந்தது அதில்லை.

வண்டி வந்த அதே வாரம், பூஜை லீவுக்குத் தங்கச்சி குடும்பத்தோட சென்னையிலிருந்து வந்திருந்தா. புது வண்டி, மாலை, சந்தனம், குங்குமம். பசங்களுக்குச் சொல்லணுமா? "மாமா, ஒரு ரவுண்டு மாமா"ன்னு ஏழு வயசு மருமக கழுத்தைக் கட்டிக்கிட்டா. எனக்கும் பெருமைதான், மறைக்கலை. அவளை இடது பக்க மட்கார்டு மேல உட்கார வெச்சு, "மாமா தோளைப் புடிச்சுக்க கண்ணு"ன்னு சொல்லி, லோ கியர்ல காட்டுக்குள்ள விட்டேன். மாப்பிள்ளை பக்கத்துலயே நடந்துக்கிட்டு வீடியோ எடுத்துக்கிட்டு வந்தார்.

தென்னை ஓரத்து வாய்க்கால்ல புல் மண்டிக் கிடந்தது. எனக்கு நல்லாத் தெரிஞ்ச வாய்க்கால்தான். முப்பது வருஷமா மம்பட்டி பிடிச்ச வாய்க்கால். ஆனா உசரத்துல உட்கார்ந்து பார்க்கிறப்போ புல் மட்டும்தான் தெரிஞ்சது. இடது பின் சக்கரம் அதுல இறங்குச்சு. வண்டி ஒரு பக்கமாச் சாய, குழந்தை வழுக்கி முன்னாடி போனா. சக்கரத்துக்கு முன்னாடி.

இடது கையில அவ கவுன் சிக்குச்சு. பிடிச்சுட்டேன். ஆனா வண்டி நிக்கலை. ஏன்னா பயத்துல நான் கால்களை எல்லாத்தையும் விட்டு எடுத்திருக்கேன். கார்ல அப்படி எடுத்தா வேகம் தானாக் குறையும். டிராக்டர்ல வேகத்தை வெக்கிறது கையில். ஸ்டியரிங் பக்கத்துல இருக்கிற லீவரை எங்க வெச்சோமோ அங்கேயே நிக்கும். நாம பதறினாலும் கத்தினாலும் அது அதே வேகத்துல போய்க்கிட்டே இருக்கும். ரெண்டு அடி போன பிறகுதான் கால் கிளட்ச்சைத் தேடிப் பிடிச்சது. அந்தச் சக்கரம் நாலே கால் அடி உசரம். வண்டியோட எடை ரெண்டு டன்னுக்குப் பக்கம்.

குழந்தைக்குக் கவுன் கிழிஞ்சதோட சரி. "மாமா, இன்னொரு ரவுண்டு"ன்னு கேட்டா. மாப்பிள்ளை எடுத்த வீடியோவை அவரே அழிச்சுட்டார். தங்கச்சிக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. இதைப் படிச்சாத் தெரிஞ்சுக்குவா. தெரியட்டும்.

அன்னைக்கு ராத்திரி ஆர்.சி. புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். இருக்கை எண்ணிக்கைன்னு ஒரு இடம் இருக்கு. அதுல 1-ன்னு போட்டிருக்கு. எங்க ஊர்ல எத்தனையோ வருஷமா டிராக்டர் ஓடுது, ஒருத்தரும் அந்த 1-ஐப் படிச்சதா எனக்குத் தோணலை. மட்கார்டு ரெண்டு பக்கமும் ரெண்டு பேர், பின்னாடி கலப்பை மேல ஒருத்தர் நின்னுக்கிட்டு, டிரெய்லர் நிறையப் பொண்டு பொடிசுங்க, இதுதான் எங்க வழக்கம். நம்ம சினிமாவுலயும் ஹீரோ குடும்பத்தையே ஏத்திக்கிட்டுப் பாட்டுப் பாடிட்டுப் போவார். மட்கார்டுங்கறது சேறு தெறிக்காம இருக்கப் போட்ட தகரம். அதை நாமதான் ஆசனமாக்கிட்டோம்.

டிராக்டர் எப்படி ஆளைக் கொல்லும்னு ஊர்ல யாருக்கும் தெரியாம இல்லை. எல்லாருக்கும் ஒரு கதை தெரியும். அதை விதின்னு சொல்லி முடிச்சுடறாங்க. அதுல விதிக்கு வேலையே இல்லைங்கறதுதான் என் கட்சி. தென்னை மட்டையோ வேர்க்கட்டையோ இழுக்க சங்கிலியைக் கீழே இருக்கிற கொக்கியில மாட்டாம, உசரத்துல டாப் லிங்க் பக்கம் மாட்டினா, இழுக்கிற கட்டை அசையாத பட்சத்துல முன் சக்கரம் தூக்கும். தூக்கின வண்டி பின்னாடி குப்புற விழ ரெண்டு நொடிகூட ஆகாது, குதிக்க நேரமே இருக்காது. ஸ்வீடன்ல 1959-லயே புது டிராக்டருக்கெல்லாம் ஓட்டுநரைக் காக்கிற இரும்புச் சட்டம் கட்டாயம்னு ஆக்கி, இந்த மாதிரிச் சாவைப் பெருமளவு குறைச்சுட்டாங்க. நம்ம ஊர்ல நிழலுக்குன்னு கூரை மாட்டிக்கிறோம். அந்தக் கூரை வெயிலைத் தாங்கும், வண்டியைத் தாங்காது.

அப்புறம் பி.டி.ஓ. தண்டு, அதாவது ரோட்டவேட்டரைச் சுத்த வைக்கிற தண்டு. நிமிஷத்துக்கு 540 சுத்து, நொடிக்கு 9. மேல போட்டு வர பிளாஸ்டிக் உறையை, கிரீஸ் வைக்க இடைஞ்சலா இருக்குன்னு முதல் மாசமே கழட்டி எறிஞ்சுடுவாங்க. என்னோடது இன்னும் இருக்கு. தோள்ல துண்டு போட்டுக்கிட்டுக் குனிஞ்சு பார்க்கிற பழக்கத்தை விட்டுட்டேன். நுனி ஒண்ணு சிக்கினாப் போதும், ஒரு நொடியில துண்டு முழுசும் உள்ள போயிடும். கழுத்துல சுத்தியிருந்தா அது தனியாப் போகாது.

ஆக, என் வண்டியில இனி யாரும் ஏறக் கூடாதுன்னு முடிவு பண்ணினேன். முடிவு பண்றது சுலபம்.

முதல்ல கோவிச்சுக்கிட்டது பெரியப்பா. எழுபத்தஞ்சு வயசு. கோயிலுக்குப் போகணும்னு வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கிட்டு மட்கார்டுல கை வெச்சார். "வேண்டாங்க பெரியப்பா, பைக்கை எடுத்துட்டு வர்றேன்"னேன். "ஏன், நான் ஏறுனா உன்ற வண்டி தேஞ்சு போயிருமா?"ன்னு கேட்டுட்டு நடந்தே போனார். பைக்கை எடுத்துட்டுப் பின்னாடியே போனேன், ஏறலை. இப்பவும் பேச்சு அளவாத்தான் இருக்கு.

அதைவிடப் பெரிய சங்கடம் வெங்காய நடவுல வந்தது. ஊருக்கும் எங்க காட்டுக்கும் ரெண்டு கிலோமீட்டர். பஸ் கிடையாது. நடவுக்கும் களை வெட்டவும் வர்ற பொம்பளைங்க பதினாலு பேர். எல்லாக் காட்டுக்காரரும் டிரெய்லர்லதான் ஏத்திட்டு வர்றாங்க. அது சட்டப்படி தப்பு. ஏதாவது ஆனா இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிச்சுடும். அதைவிட, இட்டேரியில ஒரு பக்கச் சக்கரம் பள்ளத்துல இறங்கினா டிரெய்லர் கவிழறதுக்கு வேகமே வேண்டியதில்லை. "இனிமே டிரெய்லர்ல ஏத்த மாட்டேங்க"ன்னு சொன்னேன். ஒருத்தரும் சந்தோஷப்படலை. கூட்டத்துல மூத்த அம்மா ஒருத்தர் இடுப்புல கை வெச்சுக்கிட்டு, "ஏந் தம்பி, எங்க உசுரு மேல இப்பத்தான் அக்கறை வந்துச்சா? அத்தனை அக்கறைன்னா நடக்குற நேரத்துக்கும் கூலியப் போட்டுக் குடு"ன்னாங்க.

எனக்குப் பதில் இல்லை. அவங்க சொன்னதுல தப்பே இல்லை. நான் மனசாட்சியைச் சுத்தம் பண்ணிக்க, அவங்க வெயில்ல ரெண்டு கிலோமீட்டர் நடக்கணுமா?

கடைசியில ஷேர் ஆட்டோ பேசியிருக்கேன். போக ஒரு தடவை, வர ஒரு தடவை, பதினாலு பேருக்கும் மூணு நடையா. அந்தக் காசு என் கணக்கு. ஆட்டோலயும் அளவுக்கு மீறித்தான் ஏறுறாங்கன்னு நீங்க கேட்கலாம். ஆமா, முதல் நாள் எட்டு பேர் ஏறினாங்க. அஞ்சு பேருக்கு மேல வேண்டாம்னு சொல்லி, அதுக்கும் ஒரு சண்டை. இதுல பக்கத்துக் காட்டு மச்சானுக்கு என் மேல கோபம். "நீ ஆட்டோ வெச்சுட்ட, நாளைக்கு என்ற காட்டுக்கும் ஆட்டோ கேப்பாங்க. டிராக்டர் வாங்குனவன் ஆட்டோ வாடகை குடுக்குற கூத்தை எங்கயாச்சும் பார்த்துருக்கியா?" அவர் பயம் நியாயம்தான், அடுத்த வாரமே கேட்டுட்டாங்க. ஒரு நாள் ஆட்டோ செலவுல எனக்கு ரெண்டு மணி நேர உழவுக்கான டீசல் வந்துடும். தவணை கட்டறவனுக்கு அது சின்னக் காசு இல்லை. வெங்காயம் விலை இறங்கினா இதைத் தொடர முடியுமான்னு உறுதியாச் சொல்ல எனக்கு வாய் வரலை. இப்போதைக்கு ஓடுது.

நகரத்துல இருந்து படிக்கிறவங்ககிட்ட ஒரு வார்த்தை. நீங்க ஊருக்கு வந்தா எங்களுக்குச் சந்தோஷம். உங்க பிள்ளைங்க மண்ணுல கால் வைக்கணும்னு நீங்க நினைக்கிறது ரொம்ப நல்ல விஷயம். கார்ல ஏறினதும் குழந்தைக்கு பெல்ட் போடுறீங்களே, ஊர் எல்லை தாண்டினதும் அதே குழந்தையை ஒரு தகரத்து மேல உட்கார வெச்சுக் கை தட்டுறது எப்படிங்க? கிராமம்னா ஆபத்து இல்லாத இடம்னு ஒரு நெனப்பு இருக்கு. வேலை நடக்கிற இடம் இது. உங்க ஊர் லேத் பட்டறையில குழந்தையை மெஷின் மேல ஏத்தி போட்டோ எடுப்பீங்களா? உங்களைக் குத்தம் சொல்லிட்டு நான் தப்பிக்கலை. ஏத்தினது நான். கேட்டது குழந்தை, மாட்டேன்னு சொல்லத் தெரியாதவன் நான்.

இப்ப மார்கழி. தங்கச்சி நேத்து போன் பண்ணினா, பொங்கலுக்கு வர்றாங்களாம், மாப்பிள்ளையோட அண்ணன் குடும்பமும் கூட. "அண்ணா, பாப்பா இப்பவே டிராக்டர் டிராக்டர்னு குதிக்கிறா"ன்னு சொன்னா. வரட்டும். மாட்டுப் பொங்கலன்னைக்கு மாட்டோட சேர்த்து வண்டியையும் கழுவிப் பொட்டு வெச்சுக் கட்டுத்தரைக்கு முன்னாடி நிறுத்தறேன். கை பிரேக் போட்டு, சக்கரத்துக்கு முன்னாடியும் பின்னாடியும் கல்லு வெச்சிருப்பேன். ஏறி உட்காரலாம், ஸ்டியரிங்கைத் திருப்பலாம், ஹாரன் அடிக்கலாம், எத்தனை போட்டோ வேணும்னாலும் எடுக்கலாம். சாவி என் டிராயர் பையில இருக்கும். அந்த ரெண்டு நாளைக்கு வேட்டி கட்டினாலும் உள்ள டிராயர் போட்டுக்கறதா இருக்கேன்.