எழுபதுக்கும் இருநூறுக்கும் நடுவே ஒரு யானை

"கையில் நல்ல கேமரா இருக்கிறது. அடுத்த மாடல் வந்திருக்கிறது. மாற்றலாமா?"

இந்தப் பகுதிக்கு வரும் கேள்விகளில் போனைப் பற்றியவைதான் எப்போதும் அதிகம். ஆனால் கொஞ்ச காலமாக, சட்டைப்பையில் அடங்கும் உயர்ரகச் சிறிய கேமராக்களைப் பற்றியும் நிறையப் பேர் கேட்கிறார்கள். போனில் எடுத்துச் சலித்துப்போன கல்லூரிப் பிள்ளைகள் ஒரு பக்கம். எப்போதோ ஆசையாக வாங்கி அலமாரியில் பூட்டியதை மறுபடி வெளியே எடுத்திருக்கும் அப்பாக்கள் இன்னொரு பக்கம். எல்லோருக்கும் பொதுவாக ஒரு பதில் சொன்னால் யாருக்கும் பயன்படாது. அதனால் இந்த வாரம் ஒரே ஒரு கேமரா, ஒரே ஒரு ஊர்.

கேமரா, சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 5. ஊர், முதுமலைக் காட்டுக்குள் இருக்கும் தெப்பக்காடு. கேள்வி கேட்டது என் பெரியப்பா மகள்; கூடலூரில் பள்ளி ஆசிரியை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்றால் அக்காவைத் தெப்பக்காடு யானைகள் முகாமில்தான் பார்க்கலாம். வருடக் கடைசியில் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு யானைப் படம் பிரிண்ட் போட்டுக் கொடுப்பது அவருடைய வழக்கம். இந்த வருடம் சீட்டுப் பணம் கைக்கு வந்திருக்கிறது. பழைய கேமராவை விற்று, அதோடு சீட்டுப் பணத்தில் பெரும்பகுதியைச் சேர்த்தால் செகண்ட் ஹேண்டில் மார்க் 6 வாங்கிவிடலாம். மாமாவுக்கோ அந்தப் பணத்தில் சமையலறைக்கு ஓடு மாற்ற வேண்டும். கூடலூரில் ஜூன் மழையைப் பார்த்தவர்களுக்கு மாமாவின் அவசரம் புரியும்.

"நீ சொல்லுடா தம்பி, உன் மாமா நீ சொன்னா கேப்பார்" என்றார் அக்கா. இப்படி ஒரு பொறுப்பு யாருக்கும் வரக்கூடாது.

சரி, இரண்டு கேமராவுக்கும் என்ன வித்தியாசம்? மார்க் 5 வந்தது 2016-இல், அமெரிக்க விலை 1000 டாலர். மார்க் 6 வந்தது 2018-இல், 1200 டாலர். இரண்டிலும் சென்சார் ஒரே அளவு: 1 இன்ச் வகை, சுமார் 20 மெகாபிக்ஸல். (1 இன்ச் என்று பெயர்தானே தவிர, அளந்தால் 13.2-க்கு 8.8 மில்லிமீட்டர்தான். பழைய காலத்து வீடியோ குழாய்களின் கணக்கில் வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.) எடையும் ஏறக்குறைய ஒன்றுதான், 300 கிராம் அளவு. மாறியது லென்ஸ். மார்க் 5-இல் 24 முதல் 70 மி.மீ. வரை. மார்க் 6-இல் 24 முதல் 200 மி.மீ. வரை. அதே குட்டி உடம்புக்குள் ஏறக்குறைய மூன்று மடங்கு எட்டிப் பார்க்கும் லென்ஸ்.

கேட்டதும் வாங்கத்தான் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் சோனிக்காரர் இதைச் சும்மா கொடுக்கவில்லை. மார்க் 5-இன் லென்ஸ் எஃப் 1.8-இல் தொடங்கி எஃப் 2.8-இல் முடிகிறது. மார்க் 6-இல் தொடக்கமே எஃப் 2.8, முடிவு எஃப் 4.5. இந்த எண் சின்னதாக இருந்தால் லென்ஸின் வாய் பெரிது, வெளிச்சம் அதிகம் உள்ளே வரும். அகலமான காட்சி எடுக்கும்போது மார்க் 5 கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு வெளிச்சத்தை வாங்குகிறது. 70 மி.மீ.க்கு இழுத்தால் மார்க் 5 இன்னும் எஃப் 2.8-இலேயே நிற்கும், மார்க் 6 அங்கே எஃப் 4-க்கு வந்துவிடுகிறது, அதாவது பாதி வெளிச்சம்.

தெப்பக்காட்டில் இது வெறும் கணக்கு இல்லை. முகாமில் பார்வையாளர்கள் போவது யானைகளுக்குச் சாப்பாடு கொடுக்கும் நேரத்தில். சாயங்காலச் சாப்பாட்டின்போது மாயாற்றங்கரை மரங்களுக்குக் கீழே வெளிச்சம் வேகமாக வடியும். ராகிக் களி, வேக வைத்த கொள்ளு, சோறு, வெல்லம், உப்பு எல்லாம் சேர்த்துக் கவளமாக உருட்டிப் பாகனும் காவடியும் வாயில் ஊட்டுவார்கள். கூரைக்குக் கீழே, நிழலுக்குள் நிழலாக யானை. காது ஓயாமல் ஆடிக்கொண்டே இருக்கும். அந்த அசைவு தெளிவாக விழ வேண்டுமானால் ஷட்டர் ஒரு நொடியில் 125-இல் ஒரு பங்காவது வேகமாக இருக்க வேண்டும். மார்க் 5-இல் 70 மி.மீ.க்கு இழுத்து ஐஎஸ்ஓ 1600-இல் எடுக்கிற படத்தை, மார்க் 6-இல் ஐஎஸ்ஓ 3200-இல் எடுக்க வேண்டிவரும். இந்தச் சின்ன சென்சாரில் 3200 என்றால் யானைத்தோலின் சுருக்கங்களுக்கு நடுவே மணல் தூவியது போலப் புள்ளிகள் தெரியும். மார்க் 6-இல் கை நடுக்கத்தைச் சமாளிக்கும் வசதி நன்றாகவே இருக்கிறது. ஆனால் அது நம் கை ஆட்டத்தைத்தான் நிறுத்தும். யானையின் காது ஆட்டத்தை நிறுத்தாது.

இன்னொன்றும் போகிறது. மார்க் 5-க்குள் வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர் ஒன்று ஒளிந்திருக்கிறது. ஓடும் தண்ணீரைப் பட்டு மாதிரி எடுக்கவும், வெயிலில் வீடியோ எடுக்கவும் அது உதவும். மார்க் 6-இல் அதை எடுத்துவிட்டார்கள். பதிலுக்குத் தொடுதிரை கொடுத்திருக்கிறார்கள். விரலால் யானையின் கண்ணைத் தொட்டால் அங்கே ஃபோகஸ் ஆகும். போன் பழகிய கைக்கு இது பெரிய வசதிதான், மறுக்க மாட்டேன்.

இதையெல்லாம் சொன்ன பிறகும் அக்கா விடவில்லை. "முகாம் சரிடா. ரோட்டுல நிக்கிற காட்டு யானையை என்ன பண்றது? என் படத்துல அது எலி மாதிரி இருக்கு" என்றார்.

நியாயமான புகார். 3 மீட்டர் உயரமுள்ள யானை 30 மீட்டர் தள்ளி நிற்பதாக வைத்துக்கொள்வோம். 70 மி.மீ.யில் எடுத்தால் அது படத்தின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. 200 மி.மீ.யில் எடுத்தால் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் நிறைந்து நிற்கும். மார்க் 6-க்காக வாதாட வேண்டுமானால் நான் எடுத்துக்கொள்ளும் ஒரே வாதம் இதுதான். அதில் உயிர் சம்பந்தப்பட்ட விஷயமும் இருக்கிறது. எட்டாத லென்ஸை வைத்திருப்பவர் காலால் எட்டப் பார்ப்பார். 2025 ஆகஸ்ட்டில் பக்கத்துப் பந்திப்பூர் காட்டுச் சாலையில் காட்டு யானையைப் படமெடுக்க அருகே போனவரை அது துரத்திக் கீழே தள்ளிய வீடியோ எல்லோருடைய போனுக்கும் வந்திருக்கும். அவர் பிழைத்தது அதிர்ஷ்டம். கர்நாடக வனத்துறை 25,000 ரூபாய் அபராதமும் போட்டது. முதுமலைச் சாலையிலும் வண்டியை நிறுத்தவோ இறங்கவோ கூடாது. கேமராவில் எவ்வளவு ஜூம் இருந்தாலும் இந்த விதி மாறாது. ஓடும் வண்டியிலிருந்து 200 மி.மீ.யில் தெளிவாக எடுப்பதும் லேசுப்பட்ட காரியமில்லை.

எனவே அக்காவுக்கு ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தேன். இதே யோசனையில் இருக்கும் எல்லோருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நீங்கள் எடுத்த நல்ல படங்களை, பிரிண்ட் போட்டதையும் பிறருக்கு அனுப்பியதையும் மட்டும், போன் கேலரியில் திறந்து விவரம் பாருங்கள். எந்த மி.மீ.யில் எடுத்தது என்று அதில் பதிவாகியிருக்கும். மார்க் 5-இல் அது 8.8-க்கும் 25.7-க்கும் நடுவே ஒரு எண்ணாக இருக்கும். 24, 70 என்று நாம் பேசுவது பழைய ஃபிலிம் கணக்கு. உள்ளே இருக்கும் நிஜ அளவு 8.8, 25.7. பெரும்பாலான படங்கள் 25.7-இல் வந்து முட்டிக்கொண்டு நின்றால், உங்களுக்கு லென்ஸ் பற்றவில்லை என்று அர்த்தம். 8.8-இலும் நடுவிலும் பரவியிருந்தால் உங்களுக்கு எட்டம் தேவையில்லை. ஐஎஸ்ஓவையும் பாருங்கள். பாதிப் படங்கள் 1600-ஐத் தொட்டிருந்தால், வெளிச்சத்தைக் குறைத்து வாங்கும் லென்ஸுக்குக் காசு கொடுத்துப் போகாதீர்கள்.

அக்கா இரண்டு ராத்திரி உட்கார்ந்து பார்த்தார். அவர் பிரிண்ட் போட்டவற்றில் பத்தில் ஏழு முகாமில் எடுத்தவை. கவளம் வாங்கும் வாய், பாகனின் கை, குட்டியின் நெற்றி முடி. அநேகமாக எல்லாம் 8.8-இலிருந்து 15-க்குள். 25.7-இல் முட்டி நின்றவை சாலைப் படங்கள். அவற்றில் ஒன்றுகூடப் பிரிண்ட் ஆகவில்லை.

இங்கே எனக்கு மா. கிருஷ்ணன் ஞாபகம் வந்தார். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், 1912-இல் பிறந்து 1996-இல் மறைந்த இயற்கையியலாளர். தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதினார். ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் 1950 முதல் கடைசி வரை பத்தி எழுதினார். முதுமலையில் வனத்துறையின் பழக்கிய யானை மேல் ஏறி உட்கார்ந்து காட்டு யானைகளைக் கறுப்பு வெள்ளையில் படமெடுத்தவர். கடையில் கிடைத்த கேமரா எதுவும் அவருக்குச் சரிப்படவில்லை. பல கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே ஒன்றை உருவாக்கிக்கொண்டார். அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று கேலியாகப் பெயரும் வைத்தார். 'பாண்டரஸ்' என்றால் பெரும் பாரம். தூக்கிச் சுமக்கிறவருக்குத்தானே தெரியும்! தனக்கு என்ன வேண்டும் என்று அவருக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது. நாம் அந்த அளவுக்குப் போக வேண்டாம், கேலரியைத் திறந்து பார்த்தால் போதும்.

சாலை யானைக்கும் ஒரு வழி இருக்கிறது. மார்க் 5-இல் 70 மி.மீ.யில் எடுத்த படத்தின் நடுப்பகுதியை மட்டும் வெட்டி, 200 மி.மீ.யில் எடுத்தது போன்ற காட்சியாக்கினால், 20 மெகாபிக்ஸலில் மிஞ்சுவது சுமார் 2.5 மெகாபிக்ஸல். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் பெரும்பாலான போன்களின் திரை முழுக்கத் தெரிவதற்கே அவ்வளவுதான் தேவை. அக்கா பிள்ளைகளுக்குக் கொடுக்கும் 4-க்கு 6 பிரிண்டுக்கு இரண்டு மெகாபிக்ஸலுக்குக் கொஞ்சம் மேல் இருந்தால் போதும். மார்க் 6-இன் நேரடிப் படம் இதைவிடக் கூர்மையாகத்தான் இருக்கும். A4 அளவில் பெரிதாக்கிச் சுவரில் மாட்டப் போகிறவருக்கு வெட்டிய படம் உதவாது. வாட்ஸ்அப் பார்ப்பவருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

அக்கா மார்க் 5-ஐ வைத்துக்கொண்டார். சமையலறைக்கு ஓடு மாற்றியாகிவிட்டது. "நீ மாமா கட்சி ஆயிட்டே" என்று இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்.

ஆனால் அதே தெப்பக்காட்டில் மார்க் 6-ஐ வாங்குங்கள் என்று நான் சொல்லக்கூடியவர்களும் இருக்கிறார்கள். காலை சஃபாரி வண்டியில் போகிறவர்கள், மான், காட்டெருமை, மயில் என்று தள்ளி நிற்பதையே எடுப்பவர்கள், வெயில் நேரத்தில் எடுப்பவர்கள். அவர்களுக்கு 70-க்கும் 200-க்கும் உள்ள வித்தியாசம் படம் கிடைப்பதற்கும் கிடைக்காததற்கும் உள்ள வித்தியாசம். சின்னப் பறவைகளை எடுப்பவர்களுக்கு 200-உம் பற்றாது. அவர்கள் 600 மி.மீ. வரை போகும் ஆர்எக்ஸ்10 மார்க் 4 மாதிரிப் பெரியதைப் பார்க்க வேண்டும். ஆனால் அது ஒரு கிலோவுக்கு மேல், பையில் அடங்காது. 2019-இல் வந்த மார்க் 7-இலும் மார்க் 6-இன் அதே லென்ஸ்தான். ஃபோகஸ் இன்னும் வேகம், வெளி மைக் மாட்டும் வசதியும் உண்டு. வீடியோ எடுப்பவர்கள் மட்டும் மார்க் 7-க்குக் கூடுதல் பணம் போடலாம்.

செகண்ட் ஹேண்டில் வாங்குவது என்று முடிவு செய்தால், மலைப் பகுதியில் இருந்த கேமராவை மேலும் இரண்டு தடவை பாருங்கள். ஈரப்பதத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். கேமராவை ஆன் செய்து, லென்ஸுக்குள் போன் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி இழை தெரிந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். லென்ஸ் முழுக்க வெளியே வந்து திக்காமல் உள்ளே போகிறதா, இழுக்கும்போது கரகரவென்று சத்தம் வருகிறதா என்று பத்துத் தடவையாவது ஆன், ஆஃப் செய்யுங்கள். வெளியே வந்து உள்ளே போகும் இந்த லென்ஸ்கள் தூசியையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். அதனால் வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்து, பெரிதாக்கி, கறுப்புப் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். மேலே எழும்பும் வியூஃபைண்டரை ஏற்றி இறக்கிப் பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். அரிசி டப்பா வேண்டாம், அதன் தூசு லென்ஸுக்குள் போகும். பழைய மார்க் 5-ஐ விற்கும்போது பேட்டரியைச் சேர்த்து விற்காதீர்கள். 2012-இல் வந்த முதல் ஆர்எக்ஸ்100-லிருந்து மார்க் 7 வரை எல்லாவற்றுக்கும் என்பி-பிஎக்ஸ்1 என்ற ஒரே பேட்டரிதான். ஒரு சார்ஜில் 250 படம்கூட உறுதியில்லாத கேமரா இது. காட்டுக்குள் போகிற நாளில் பழையது உபரியாகக் கையில் இருக்கட்டும்.