நீங்கள் கேட்டவை: லண்டனுக்கு 5 மணி நேரத்தில் முருங்கைக்காய் போகுமா?

''எங்கள் ஊர் முருங்கைக்காயை விமானத்தில் லண்டனுக்கு அனுப்புவதாகச் சொல்லி ஒரு வியாபாரி வருகிறார். 'காலை 6 மணிக்குச் சென்னையில் ஏற்றினால், 11 மணிக்கு லண்டனில் இறங்கிவிடும். காய் வாடாது' என்கிறார். நம்பிக் கொடுக்கலாமா?''

- வாசகர், ஒட்டன்சத்திரம்.

வியாபாரி சொல்லும் 6 மணி, 11 மணி இரண்டும் சரிதான். ஆனால், முதலாவது சென்னை மணி. இரண்டாவது லண்டன் மணி. குளிர்காலத்தில் லண்டன் கடிகாரம் நம்முடையதைவிட ஐந்தரை மணி நேரம் பின்தங்கியிருக்கும். கோடையில் அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைப்பதால், வித்தியாசம் நாலரை மணி நேரம். குளிர்காலத்தில் லண்டனில் காலை 11 மணி என்றால், நம் ஊரில் மாலை நாலரை. ஆக, விமானம் பறந்தது பத்தரை மணி நேரம்.

சென்னையிலிருந்து லண்டனுக்கு நேர்தூரம் சுமார் 8,200 கிலோமீட்டர். நேரடி விமானம் 10 முதல் 11 மணி நேரத்தில் போய்ச் சேரும். உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி வேகமாகக் காற்று வீசுவதால், போகும்போது எதிர்காற்று. திரும்பும்போது அதே காற்று தள்ளிவிடும். அதனால் வரும் பயணம் பெரும்பாலும் சற்றுக் குறைவு. வழியில் வேறு ஊரில் விமானம் மாற்றினால், காத்திருக்கும் நேரமும் சேரும்.

காயின் வயதைப் பறக்கும் நேரத்தை வைத்து மட்டும் கணக்கிடக் கூடாது. முதல் நாள் மாலை பறித்த காய், லாரியில் இரவு முழுக்கப் பயணித்து சென்னை வரும். இரண்டாம் நாள் தரம் பிரித்து, பெட்டியில் அடைத்து, பயிர்ச் சுகாதாரச் சான்றிதழ் வாங்கி, சுங்கச் சோதனையும் முடிய வேண்டும். மூன்றாம் நாள் காலை விமானம் ஏறினால், கடைக்குப் போக நாலாம் நாள் ஆகிவிடும். அதுவரை தாங்கும் காயா என்பதுதான் கேள்வி. வெயில் ஏறும் முன்போ, மாலையிலோ பறித்து, நிழலில் வையுங்கள். ஈரத்தோடு பெட்டியில் அடைக்காதீர்கள்.

பூச்சி விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. பழ ஈ போன்ற பூச்சிகள் இருந்ததால், 2014 மே மாதம் முதல் இந்திய மாம்பழம், பாகற்காய், புடலங்காய், கத்திரிக்காய் ஆகியவற்றுக்கு ஐரோப்பிய ஒன்றியம் தடை போட்டது. அப்போது பிரிட்டனும் அதில் உறுப்பு நாடு. மாம்பழத் தடை 2015-ல்தான் நீங்கியது.

விமானக் கட்டணத்தில் எடையோடு பெட்டியின் அளவையும் பார்ப்பார்கள். நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 6,000-ஆல் வகுப்பது வழக்கம். 60, 40, 30 அளவுள்ள பெட்டிக்கு 12 கிலோ வரும். உள்ளே 9 கிலோ காய் இருந்தாலும், 12 கிலோவுக்குத்தான் கட்டணம்.

எனவே, காய் கொடுக்கும் முன் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். வியாபாரியிடம் ஏற்றுமதி-இறக்குமதி குறியீட்டு எண்ணும் 'அபெடா' பதிவும் இருக்கிறதா? பேசும் விலை தோட்டத்திலா, விமான நிலையத்திலா? சரக்கு கழிக்கப்பட்டாலோ, விமானம் தவறினாலோ நஷ்டம் யாருக்கு? பதிலை எழுத்தில் வாங்குங்கள். தோட்டத்திலேயே எடை போட்டுப் பணம் தருவதாக இருந்தால் தயங்காமல் கொடுக்கலாம். 'லண்டனில் விற்ற பிறகு தருகிறேன்' என்றால், முதலில் ஒரு சிப்பம் மட்டும் கொடுத்து, பணம் கைக்கு வந்த பிறகு அடுத்ததைப் பறியுங்கள்.