தொட்டி ஒரு சிறையா?
(இளம் அறிவியல் இரண்டாம் ஆண்டு மாணவர்)

மண்ணில் வேரோட வேண்டிய செடியைத் தொட்டியில் அடைப்பது கொடுமை என்பார் பலர். தொட்டியிலே வளர்ந்து புகழ்பெற்ற ஜப்பானிய நீர் ஐரிஸின் கதையை அறிந்தால் அவர்தம் கருத்து மாறக்கூடும்.

ஜப்பானியர் இதனை ஹனாஷோபு என்பர். தாவரவியற் பெயர் ஐரிஸ் என்சாட்டா. ஜூன் மாதத்தில் வெள்ளை, நீலம், ஊதா நிறங்களில் அகன்ற இதழ்களுடன் பூக்கும். ஒரு மலரின் வாழ்வு ஏறத்தாழ மூன்று நாள்! குளிர்கால உறக்கம் வேண்டும் செடியாதலால் நம் சமவெளிக்கு இது ஏற்றதன்று. ஆயினும் இதன் வரலாறு நாம் சிந்திக்கத்தக்கது.

பெயரில் நீர் இருப்பினும் இஃது எப்போதும் நீரில் நிற்கும் செடியன்று. வளரும் காலத்திலும் பூக்கும் காலத்திலும் நிறைய நீர் வேண்டும். குளிர்காலத்தில் நீர் தேங்கினால் அழுகிவிடும். ஆகவே தொட்டியில் வளர்ப்போர் கோடையில் தொட்டியின் அடியில் நீர்த்தட்டு வைப்பர். குளிர் வந்ததும் அதனை எடுத்துவிடுவர். மண்ணில் சுண்ணாம்பு கலத்தல் ஆகாது. புதிய வேர்கள் ஆண்டுதோறும் பழைய வேர்களுக்கு மேலே தோன்றுவதால் செடி மெல்ல மேலெழும்பும்; தொட்டி மண்ணும் சத்திழக்கும். எனவே ஓரிரு ஆண்டுகளுக்கு ஒருமுறை, பூத்து முடிந்ததும், செடியைப் பிரித்துப் புதுமண்ணில் நட வேண்டும். பிரிக்காது விட்ட புதர் நடுவில் நலிந்து, பூப்பதும் குறையும்.

பிரித்தால் ஒன்று பலவாகிறது. அவற்றை யாருக்குக் கொடுப்பது? இங்கேதான் வரலாறு பேசுகிறது.

எடோ நகரத்துச் சாமுராயான மட்சுதாய்ரா சதாதோமோ (1773–1856) நெடுங்காலம் உழைத்துப் பல புதுவகைகளை உருவாக்கினார். வெளியார்க்குத் தருவதில்லை என்ற உறுதியின்பேரில் ஹிகோ பகுதியினர் அவரிடம் செடிகளைப் பெற்றனர். அப்பகுதியே இன்றைய குமமோட்டோ. வீட்டினுள் பொன்வண்ணத் திரையின் முன் தொட்டியை வைத்து ரசிப்பதற்கென்றே அவர்கள் பெருமலர் வகைகளை வளர்த்தனர். அக்கலையின் உயர்வை யார் மறுப்பார்? ஆனால் அம்மலர்களைப் பல தலைமுறை வரை வெளியார் வளர்க்க இயலவில்லை. 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வளர்ப்போர் சங்கத்தைச் சேர்ந்த ஒருவர் வழியாகவே அவை வெளிவந்தன. இன்று வேற்று நாடுகளிலும் பூக்கின்றன.

வகையின் தூய்மையைக் காக்கவே மறைத்தனர் என்று வாதிடலாம். தூய்மையைக் காக்கக் கவனமாகப் பிரித்து நடும் கை போதாதா? பூட்டிய வாசல் எதற்கு? "எமக்கு மட்டும்" என்னும் எண்ணமே சிறை; தொட்டியன்று.

கல்வியும் இத்தகையதே அன்றோ? சில வாசல்களுக்குள் நெடுங்காலம் இருந்த கல்வி, அரசுக் கல்லூரியின் வழியே என் போன்றோர் வீட்டிற்கு இப்போதுதான் முதன்முதலாக வந்திருக்கிறது. வந்ததை நம்மோடு நிறுத்திக்கொள்ளலாமா? நண்பர்களே! விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது, நம் தெருப் பிள்ளைகள் இருவருக்கேனும் கணக்கும் அறிவியலும் சொல்லிக் கொடுப்போம்.