"தல இருக்கார்ல, பார்த்துக்கலாம்": சிஎஸ்கே 2026 பற்றி ஒரு நீண்ட இழை

1.
திட்டு வாங்கப் போறேன்னு தெரிஞ்சேதான் எழுதுறேன். பொங்கல் லீவுல செவிலிமேட்டுல நாலு பேர் கூடின இடமெல்லாம் ஒரே பேச்சு. "இந்த வருஷம் கப்பு நமக்குத்தான்." எப்படின்னு கேட்டா ஒரே பதில்: "தல இருக்கார்ல, பார்த்துக்கலாம்." இந்த இழை அந்த ஒரு வரிக்கு எதிரானது.

2.
நான் கிரிக்கெட் நிபுணன் இல்லை. அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கும் எம்பிபிஎஸ் டாக்டர். 2008ல ஐபிஎல் ஆரம்பிச்சப்போ பள்ளி மாணவன், அன்னையிலிருந்து மஞ்சள் சட்டை. ரெண்டு வருஷம் டீமுக்குத் தடை இருந்தப்பவும் வேற டீம் பக்கம் போகலை. அதனால "நீ மும்பை ஃபேன்தானே"ன்னு யாரும் ஆரம்பிக்க வேண்டாம்.

3.
முதல்ல போன வருஷ ரிப்போர்ட்டைப் பார்ப்போம். 14 மேட்ச், 4 வெற்றி, 10வது இடம். சிஎஸ்கே வரலாற்றிலேயே முதல் தடவையா கடைசி இடம். சேப்பாக்கத்துல 2008க்குப் பிறகு ஆர்சிபி ஜெயிச்சது. 2010க்குப் பிறகு டெல்லி ஜெயிச்சது. ஹைதராபாத் முதல் முறையா ஜெயிச்சது. கொல்கத்தாவுக்கு எதிரா நாம 103 ரன், அவங்க 10.1 ஓவர்ல முடிச்சுட்டுப் போயிட்டாங்க. இதை "ஒரு மோசமான சீசன்"னு கடந்து போறது, சுகர் 400 இருக்கிறவர் "நேத்து ஸ்வீட் சாப்பிட்டேன் டாக்டர்"னு சொல்ற மாதிரி.

4.
நிர்வாகம் நோயைப் புரிஞ்சுக்கிச்சான்னு கேட்டா, பாதி புரிஞ்சுக்கிச்சு. அதுக்குப் பாராட்டு. ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்து சஞ்சு சாம்சனை எடுத்தாங்க. கான்வே, ரச்சின், திரிபாதி, ஹூடா, விஜய் சங்கர், பதிரனா எல்லாரையும் விடுவிச்சாங்க. அஸ்வின் அதுக்கு முன்னாடியே ஐபிஎல்லிலிருந்து ஓய்வு. 43.40 கோடியோட டிசம்பர் 16 அபுதாபி ஏலத்துக்குப் போனாங்க.

5.
அங்கே செஞ்சதுதான் பெரிய விஷயம். கார்த்திக் சர்மா, வயசு 19. பிரசாந்த் வீர், வயசு 20. ரெண்டு பேரும் இந்தியாவுக்கு ஆடாதவங்க. அடிப்படை விலை 30 லட்சம். ஆளுக்கு 14.20 கோடி கொடுத்து எடுத்தாங்க. கையிலிருந்த காசுல கிட்டத்தட்ட மூணில் ரெண்டு பங்கு ரெண்டு பசங்க மேல. "டாடி ஆர்மி"ன்னு பேர் வாங்கின டீம் இப்படிச் செஞ்சிருக்கு. நான் கைதட்டினேன்.

6.
பேப்பர்ல டீம் நல்லாத்தான் இருக்கு. ஆயுஷ் மாத்ரே போன வருஷம் பாதியில் மாற்று வீரரா வந்து, 17 வயசுல ஆர்சிபிக்கு எதிரா 48 பந்துல 94 அடிச்சவர். கூட சஞ்சு. அப்புறம் ருதுராஜ், பிரேவிஸ், துபே. 24 விக்கெட் எடுத்த நூர் அகமது இருக்கார். பவர்பிளேல கலீல், மேட் ஹென்றி. ராகுல் சாஹர், அகீல் ஹொசைன்னு சுழலுக்கும் ஆள் உண்டு.

7.
ஓட்டையும் இருக்கு. பதிரனாவை கொல்கத்தா 18 கோடிக்கு எடுத்துட்டாங்க. கடைசி நாலு ஓவர் யார் போடுவாங்கன்னு இன்னும் தெளிவில்லை. ஜடேஜா செஞ்சது மூணு பேர் வேலை. 2023 ஃபைனல்ல கடைசி ரெண்டு பந்துல சிக்ஸும் ஃபோரும் அடிச்ச கை அது. அந்த இடத்துல பிரசாந்த் வீர் முதல் மாசமே நிக்கணும்னு எதிர்பார்க்கிறது அநியாயம். ஆனா இதெல்லாம் மருந்து இருக்கிற நோய்.

8.
இப்போ கசப்பான கேள்வி. விக்கெட் கீப்பர் யார்? சஞ்சு கீப்பர். கார்த்திக் சர்மா கீப்பர். உர்வில் படேல் கீப்பர். இருந்தும் முதல் மேட்ச்ல ஸ்டம்புக்குப் பின்னாடி யார் நிப்பாங்கன்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வர்ற ஜூலையில 45 வயசு ஆகப்போறவர். அந்த ஒரு இடத்துக்காக மத்த பத்து இடமும் மாத்தி அடுக்கப்படும்.

9.
நான் தோனியைப் பரிசோதிச்ச டாக்டர் இல்லை. டிவியில பார்த்து யாருக்கும் நோய் சொல்லக் கூடாது, சொல்லவும் மாட்டேன். பொதுவெளியில இருக்கிறதை மட்டும் சொல்றேன். 2023 ஜூன்ல முட்டி ஆபரேஷன். 2025ல ஆர்சிபிக்கு எதிரா 197 துரத்தும்போது 9வது ஆளா இறங்கினார். பத்து ஓவர் முழு வேகத்துல ஆட முட்டி இடம் கொடுக்காதுங்கிற அர்த்தத்துல கோச் ஃபிளெமிங்கே பேசினார்.

10.
"2018லயும் வயசாயிடுச்சுன்னுதானே சொன்னீங்க, கப்பு அடிக்கலையா?" அடிச்சோம். அந்த சீசன்ல தோனி 455 ரன். 2025ல 14 மேட்ச்ல 196 ரன். 36க்கும் 44க்கும் நடுவுல உடம்புல என்ன நடக்கும்னு நான் சொல்லணுமா? உங்க வீட்டு மாடிப்படியைக் கேளுங்க.

11.
இப்போ கொஞ்சம் என் வேலைப் பக்கம் வர்றேன். காரணம் இருக்கு. எங்க ஓபிக்கு வர்ற நெசவாளர்கள்ல பலருக்கு முட்டி வலி, இடுப்பு வலி. வருஷக்கணக்கா தறிக்குழியில காலை விட்டு, குனிஞ்ச முதுகோட உட்கார்ந்த உடம்பு. சிலர் சீட்டே இல்லாம மெடிக்கல் ஷாப்புல "வலி மாத்திரை"ன்னு கலர் கலரா ஒரு பொட்டலம் வாங்கிச் சாப்பிடுவாங்க. பல சமயம் அதுல ஒண்ணு ஸ்டீராய்டு.

12.
ஸ்டீராய்டு கெட்ட மருந்து இல்லை. மூச்சுத் திணறி வர்ற ஆஸ்துமா நோயாளிக்கு உயிர் காக்கும் மருந்து. ஆனா மாசக்கணக்கா வெளியிலிருந்து கொடுத்துக்கிட்டே இருந்தா என்ன ஆகும்? சிறுநீரகத்துக்கு மேல தொப்பி மாதிரி இருக்கிற அட்ரினல் சுரப்பி, "நமக்கு வேலை இல்லை போல"ன்னு தூங்கிடும். வலி குறைஞ்ச மாதிரி இருக்கும். உள்ளே சுகர் ஏறும், எலும்பு தேயும். ஒருநாள் திடீர்னு நிறுத்தினா பிபி இறங்கி, வாந்தி எடுத்து, மயங்கி விழுவார். உயிரே போகலாம்.

13.
சிஎஸ்கேவோட நோய் இதுதான். 2022: சீசனுக்கு ரெண்டு நாள் முன்னாடி ஜடேஜா கேப்டன். எட்டு மேட்ச்ல ரெண்டு வெற்றி. திரும்ப தோனி. 2024: சீசனுக்கு முந்தின நாள் ருதுராஜ் கேப்டன். 2025: ருதுராஜுக்கு முழங்கையில அடி. திரும்ப தோனி. கஷ்டம் வந்த ரெண்டு தடவையும் அதே மாத்திரை. 2023ல அந்த மாத்திரை கப்பும் கொடுத்தது, மறுக்கலை. அதனாலதான் விட முடியலை. சுரப்பி தூங்கிடுச்சு.

14.
இதுல நமக்கும் பங்கு இருக்கு. சேப்பாக்கத்துல நம்ம பேட்ஸ்மேன் அவுட் ஆனா நாமளே கத்துறோம், ஏன்னா அடுத்து தோனி வருவார். சொந்த டீம் விக்கெட் விழுந்ததுக்கு சொந்த மைதானமே கொண்டாடுறது வேற எந்த ஊர்ல நடக்கும்? நான் மேல இறங்கினா எப்போ அவுட் ஆவேன்னு காத்திருப்பாங்கன்னு ஜடேஜாவே சிரிச்சுக்கிட்டே சொன்னார். அவர் மூத்தவர், சிரிச்சார். 19 வயசு கார்த்திக் சர்மா சிரிப்பாரா? ஸ்டம்பு சிதறினதும் ஸ்டேடியமே எழுந்து விசிலடிச்சா, அந்தப் பையன் பெவிலியன் வரைக்கும் எப்படி நடந்து போவார்னு ஒரு தடவை யோசிச்சுப் பாருங்க.

15.
"டீமைக் கட்டினவர் அவர்தான், நன்றி வேண்டாமா?" வேணும். நன்றி காட்ட சிலை வைங்க, ஸ்டாண்டுக்குப் பேர் வைங்க. பதினோரு பேர்ல இடம் கொடுக்கிறது நன்றிக் கணக்குல வராது.

"பசங்களுக்கு வழிகாட்ட ஆள் வேணும்ல?" வேணும். அதுக்கு ஸ்டம்புக்குப் பின்னாடிதான் நிக்கணுமா?

"கூட்டமே அவருக்காகத்தான் வருது." இதுதான் உண்மையான காரணம். அப்போ அதை வியாபாரம்னு சொல்லுங்க, பாசம்னு சொல்லாதீங்க. போன வருஷம் சேப்பாக்கத்துல குறைஞ்ச டிக்கெட்டே 1,700 ரூபாய். அதைச் சேர்க்க எங்க ஊர் நெசவாளி எத்தனை நாள் தறியில உட்காரணும்னு கணக்குப் போடுங்க.

16.
வியாபாரம்னு வந்ததால இதையும் சொல்லிடறேன். பேர்ல சென்னை இருக்கு. 25 பேர்ல தமிழ்நாடு ரஞ்சி அணிக்கு ஆடுறவர் குர்ஜப்னீத் சிங் ஒருத்தர்தான். போன வருஷம் 759 ரன் அடிச்சு ஆரஞ்சுத் தொப்பி வாங்கின சாய் சுதர்சன் குஜராத். வாஷிங்டன் சுந்தர் குஜராத். வருண் சக்கரவர்த்தி கொல்கத்தா. நடராஜன் டெல்லி. சாய் கிஷோர் நம்மகிட்டதான் ரெண்டு சீசன் இருந்தார், ஒரு மேட்ச் கூட கொடுக்கலை. இப்போ அவரும் குஜராத். இடஒதுக்கீடு கேட்கலை. பாலாற்று மணல்ல டென்னிஸ் பந்து போடுற பையனுக்கு, மஞ்சள் சட்டை வாங்கிப் போடுறதுக்கு மட்டும்தானாங்கிற கேள்வி வரக்கூடாதுன்னு கேட்கிறேன்.

17.
ஒரு நோயாளி பற்றிச் சொல்லணும். அடையாளம் சொல்ல மாட்டேன். அறுபது தாண்டின நெசவாளி. ரொம்ப வருஷம் பட்டு நெய்தவர். முட்டி போச்சு, கண்ணுல புரை. "தறியை என்ன பண்ணப் போறீங்க ஐயா?"ன்னு கேட்டேன். "மகன்கிட்ட விட்டுட்டேன் டாக்டர் சார். நான் பக்கத்துல உட்கார்ந்து தார் சுத்தறேன்"னார்.

18.
"அவர் நெய்யிறதுல தப்பு வந்தா?"ன்னு கேட்டேன். "வரும் சார். போன மாசம் கோர்வையில ஒரு சேலையைக் கெடுத்துட்டான். கூலியில பிடிச்சிட்டாங்க. நான் எழுந்து போய் உட்கார்ந்திருந்தா அந்தச் சேலை தப்பிச்சிருக்கும். இவன் கத்துக்கிட்டிருக்க மாட்டான்." அவருக்கு அந்த ஒரு சேலை நஷ்டம் எவ்வளவு பெருசுன்னு இந்த ஊர்க்காரங்களுக்குத் தெரியும். அந்த தைரியம் கோடிகள் புரளும் ஒரு நிர்வாகத்துக்கு வரலைங்கிறதுதான் என் கோபம்.

19.
அதுக்காக நாளைக்கே தோனியை வெளியே அனுப்புங்கன்னு சொல்லலை. ஸ்டீராய்டை திடீர்னு நிறுத்தக் கூடாதுன்னு இப்பதான் சொன்னேன். டோஸைக் குறைக்கணும். என் பிரிஸ்கிரிப்ஷன்:

முதல் மேட்ச்லேயே கீப்பிங் சஞ்சு.
தோனி இம்பாக்ட் வீரரா சில மேட்ச் மட்டும், அதுவும் முன்கூட்டியே அறிவிச்சு. கடைசி மேட்ச் சேப்பாக்கத்துல, ஊரே கூடி வழியனுப்பட்டும். நானும் அழுவேன்.
ருதுராஜுக்கு முடியலைன்னா கேப்டன் சஞ்சு. ராஜஸ்தானை அஞ்சு சீசன் நடத்தினவர்.
கார்த்திக் சர்மா, பிரசாந்த் வீர் ரெண்டு பேருக்கும் தொடர்ந்து எட்டு மேட்ச். மூணு தடவை சீக்கிரம் அவுட் ஆனாலும் சரி.

20.
என் கணிப்பு? இதெல்லாம் செஞ்சா இந்த வருஷம் அஞ்சாவதோ ஆறாவதோ வருவோம். கப்பு வராது. செய்யலைன்னா ஒருவேளை நாலாவது கூட வரலாம். ஆனா 2027ல நாம எங்கே இருப்போம்? நான் அஞ்சாவது இடத்தை சந்தோஷமா எடுத்துப்பேன். மாத்திரை இல்லாம நடக்கிற முதல் வருஷம் கால் தள்ளாடத்தான் செய்யும்.

21.
என்னைத் திட்டணும்னா தாராளமா திட்டுங்க, ஓபி முடிஞ்சதும் படிக்கிறேன். சீசன் ஆரம்பிச்ச பிறகு அந்த ரெண்டு பசங்களைத் திட்டாதீங்க. அவங்க ஏலத்துல தங்களுக்குத் தாங்களே விலை வைக்கலை.

22.
கடைசியா, கிரிக்கெட்டை விட முக்கியமானது. உங்க வீட்டுப் பெரியவங்க சீட்டு இல்லாம முட்டி வலிக்கு மாத்திரை வாங்கிச் சாப்பிட்டா, இதைப் படிச்சிட்டு நீங்களா நிறுத்திடாதீங்க. அந்தப் பொட்டலத்தோட பக்கத்துல இருக்கிற அரசு மருத்துவமனைக்குக் கூட்டிட்டுப் போங்க. அதுல என்ன இருக்குன்னு பார்த்து, நிறுத்த வேண்டியதை எப்படிக் குறைக்கிறதுன்னு அங்கே சொல்லுவாங்க. முகம் உப்பியிருந்தா, அடிக்கடி தலை சுத்தினா, தள்ளிப் போடாதீங்க.

விசில் போடுங்க. நம்ம விக்கெட் விழும்போது மட்டும் வேண்டாம்.