கப்பலை வைத்துக்கொண்டு மாலுமியைக் குறைத்த நாடு

உலகக் கடல்களை ஒரு காலத்தில் ஆண்ட பிரித்தானியாவிடம் இன்று நாசகாரிக் கப்பல்களும் பிரிகேட் கப்பல்களும் சேர்த்து எண்ணினாலும் 15 தேறாது. திருகோணமலையை 1957 வரை தனது கடற்படைத் தளமாக வைத்திருந்த அதே நாடுதான். இந்தச் செய்தி நமது வட்ஸ்அப் குழுக்களில் சிரிப்பு முகங்களோடு சுற்றுகிறது. "ஆடின ஆட்டம் அடங்கிப் போச்சு" என்கிறார்கள்.

காலனித்துவம் நமக்குச் செய்த கணக்கு நமக்குத் தெரியும். வகுப்பறையில் அதைப் படிப்பிக்கிறவர்களே நாம்தான். ஆனாலும் இது சிரித்துவிட்டுக் கடந்துபோகிற விடயம் இல்லை உறவுகளே. அந்தக் கடற்படையை யாரும் தோற்கடித்து இந்த நிலைக்குக் கொண்டுவரவில்லை. அந்த நாடு யுத்தமே வேண்டாம் என்று முடிவெடுக்கவும் இல்லை. கணக்குப் புத்தகத்தில் கோடு போட்டுக் கோடு போட்டே இங்கு வந்து சேர்ந்தார்கள். பணக்கார நாடு ஒன்று சிக்கனத்தை எப்படிப் பிழையாகச் செய்யும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுவோம். ஒரு நாடு தனது படையைக் குறைப்பது குற்றமல்ல. 1968 ஜனவரியில் பிரதமர் ஹரோல்ட் வில்சன், சுயஸ் கால்வாய்க்குக் கிழக்கே இருந்த பெரும் தளங்களை 1971 முடிவதற்குள் கைவிடுவதாக அறிவித்தார். அதில் படையும் குறைந்தது, படை செய்யவேண்டிய வேலையும் குறைந்தது. அதில் ஒரு நேர்மை இருந்தது. அதற்குப் பிறகு வந்த வெட்டுகளில்தான் கோளாறு. வேலை அப்படியே இருக்க, அதைச் செய்கிற கையை மட்டும் வெட்டினார்கள்.

1981ஐ எடுத்துக்கொள்வோம். மார்கரெட் தட்சரின் பாதுகாப்பு அமைச்சர் ஜோன் நொட் கடற்படையில் பெரிய வெட்டொன்றை அறிவித்தார். தென் அத்திலாந்திக்கில் ரோந்து சென்றுகொண்டிருந்த எண்டியூரன்ஸ் என்ற சிறிய கப்பலையும் திருப்பி அழைப்பதாகச் சொன்னார். இன்வின்சிபிள் என்ற விமானந்தாங்கிக் கப்பலை அவுஸ்திரேலியாவுக்கு விற்க 1982 பெப்ரவரியில் இணக்கம் ஏற்பட்டது. ஏப்ரல் 2ஆம் திகதி ஆர்ஜன்டீனா போக்லாந்து தீவுகளுக்குள் இறங்கியது. போகவேண்டிய கப்பல்களில் ஒன்று அந்த இன்வின்சிபிளே. துறைமுகத்தில் கப்பல்களை இரவு பகலாகத் தயார்படுத்தியவர்களில் பலர், வேலைநீக்கம் தலைக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள். 74 நாள் சண்டையில் பிரித்தானியத் தரப்பில் 255 படையினரும் ஆர்ஜன்டீனத் தரப்பில் 649 பேரும் இறந்தார்கள். எண்டியூரன்ஸை மீளப் பெறுவதாக அறிவித்தது உசிதமான காரியம் அல்ல என்று பிராங்ஸ் விசாரணைக் குழு பின்னர் எழுதியது. அந்தத் தீவு யாருக்குச் சொந்தம் என்பது வேறு விவாதம். ஒரு சிறிய கப்பலில் மிச்சம் பிடிக்கப் போனதன் விலையைத்தான் இங்கே பார்க்கிறோம்.

இதிலிருந்து படித்திருப்பார்கள் என்று நினைத்தால், 2010 வந்தது. உலக நிதி நெருக்கடிக்குப் பிறகு டேவிட் கமரூன் அரசாங்கம் பாதுகாப்புச் செலவை நான்கு வருடங்களில் 8 வீதம் குறைத்தது. ஆர்க் ரோயல் விமானந்தாங்கிக் கப்பல் காலத்துக்கு முன்பே ஓய்வு பெற்றது. பிறகு அது சுமார் 3 மில்லியன் பவுணுக்குப் பழைய இரும்பாகத் துருக்கிக்குப் போனது. அதிலிருந்து பறந்த ஹரியர் விமானங்களில் 72ஐ, உதிரிப்பாகத்துக்காக அமெரிக்கா 116 மில்லியன் பவுணுக்கு வாங்கியது. நான்கு பிரிகேட் கப்பல்களுக்கும் ஓய்வு.

அடுத்த சில மாதங்களிலேயே லிபியாவில் சண்டை மூண்டது. பென்காசியில் சிக்கியிருந்தவர்களை ஏற்றிக்கொண்டு மோல்டாவுக்குப் போனது கம்பர்லாந்து என்ற கப்பல். அது ஓய்வு பெறுவதற்காக ஊர் திரும்பிக்கொண்டிருந்த கப்பல்! அந்த யுத்தத்தில் பிரான்ஸ் தனது விமானந்தாங்கிக் கப்பலைக் கரையோரம் கொண்டுவந்து நிறுத்தியது. பிரித்தானிய விமானங்களோ ஆரம்பத்தில் இங்கிலாந்திலிருந்தே புறப்பட்டு, போக வர சுமார் 4,800 கிலோமீற்றர் பறந்து குண்டு போட்டன. அந்தக் குண்டுவீச்சு சரியா என்று நம்மைக் கேட்டால் நமது பதில் வேறு. ஆனால் ஒரு கையால் ஆயுதத்தை விற்றுவிட்டு மறு கையால் யுத்தத்துக்குக் கையொப்பம் வைக்கிற அரசாங்கத்தை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

அதே 2010இல் நிம்ரொட் என்ற கடல் ரோந்து விமானத் திட்டத்தையும் நிறுத்தினார்கள். பல பில்லியன் பவுண் செலவழித்து, முடியும் தறுவாயில் இருந்த திட்டம். விமானங்களைத் துண்டு துண்டாக வெட்டிப் போட்டார்கள். சில வருடங்களில் ஸ்கொட்லாந்துக் கடலில் ரஷ்ய நீர்மூழ்கி நடமாடுவதாகச் சந்தேகம் வந்தபோது, தேடுவதற்கு நேச நாடுகளின் விமானங்களைக் கேட்கவேண்டி வந்தது. 2015இல் அமெரிக்காவிடமிருந்து ஒன்பது பி-8 விமானங்களை வாங்கத் தீர்மானித்தார்கள். முதலாவது வந்து சேர்ந்தது 2020இல். இடைப்பட்ட காலத்தில் அந்த வேலை தெரிந்த ஆட்களின் கைப்பழக்கம் போய்விடக்கூடாது என்று, அவர்களை அமெரிக்கா, கனடா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்துப் படைகளோடு சேர்த்து வைத்திருந்தார்கள்.

விமானத்தைக் காசு கொடுத்து வாங்கலாம். பத்து வருடம் பழகின கையை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. தோணித் தொழில் செய்கிற நமது ஊர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

தரையிலும் இதே கதைதான். யுத்த தாங்கி என்ற ஆயுதத்தை 1916இல் முதன்முதலாகப் போர்க்களத்தில் இறக்கிய நாடு பிரித்தானியா. செலஞ்சர் 2 தாங்கிகள் 386ஐக் கட்டினார்கள். 2010 வெட்டுக்குப் பிறகு அது 227 ஆனது. 2021இல், அதில் 148ஐ மட்டும் செலஞ்சர் 3 ஆகத் தரமுயர்த்துவதாக அறிவித்தார்கள். அதுவும் புதிய தாங்கி அல்ல. பழைய உடலுக்குப் புதிய தலை. பீரங்கி ஜேர்மன் நிறுவனத்தினுடையது. முழுத் தாங்கியையும் கட்டிய தொழிற்சாலைகளை மூடிவிட்டார்கள்.

அதே 2021இல் வொரியர் கவச வாகனத்தைத் தரமுயர்த்தும் திட்டத்தைக் கைவிட்டார்கள். அதற்குள் 400 மில்லியன் பவுணுக்கு மேல் போய்விட்டது. 5.5 பில்லியன் பவுணுக்கு 589 அஜாக்ஸ் கவச வாகனங்கள் வாங்கும் திட்டமோ வருடக்கணக்கில் இழுபட்டது. வாகனத்தின் இரைச்சலும் அதிர்வும் பரீட்சித்துப் பார்த்த படையினரையே பாதித்ததால் பரீட்சார்த்த ஓட்டங்களையே நிறுத்தவேண்டி வந்தது. 2023இல் உக்ரைனுக்கு 14 தாங்கிகளைக் கொடுத்தபோது, இதனால் தற்காலிகமாக நாம் பலவீனப்படுவோம் என்று அந்நாட்டு இராணுவத் தளபதியே தன் படையினருக்குச் சொன்னார். வெறும் 14!

அப்படியானால் காசெல்லாம் எங்கே போனது? கணிசமான ஒரு பங்கு கண்ணுக்குத் தெரிகிற பெரிய பொருளுக்குப் போனது. 65,000 தொன் எடையுள்ள இரண்டு விமானந்தாங்கிக் கப்பல்களுக்கு 6 பில்லியன் பவுணுக்கு மேல் செலவு. இதிலும் "சிக்கனம்" செய்தார்கள். 2008இல் வேலையைத் தாமதப்படுத்தினார்கள். உடனடியாகச் சில நூறு மில்லியன் மிச்சம். பின்னால் ஒரு பில்லியனுக்கு மேல் மேலதிகச் செலவு. 2010இல் விமானத்தைத் தூக்கியெறியும் பொறிமுறையைப் பூட்டுவதாகச் சொல்லி, 2012இல் வேண்டாம் என்று திரும்பினார்கள். அந்த மனமாற்றத்துக்கு மட்டும் சுமார் 74 மில்லியன் பவுண்.

இந்தப் பெரிய கப்பல்கள் தனியாகப் போக முடியாது. பக்கத்தில் காவலுக்கு நாசகாரிகள் வேண்டும். 12 கட்டுவதாகச் சொன்னதை எட்டாக்கி, கடைசியில் ஆறு கட்டினார்கள். 2024 நவம்பரில் அமைச்சர் ஜோன் ஹீலி அல்பியன், புல்வார்க் என்ற இரண்டு தரையிறக்கக் கப்பல்களையும், இரண்டு எரிபொருள் வழங்கும் கப்பல்களையும், ஒரு பிரிகேட்டையும் ஓய்வில் விடுவதாக அறிவித்தார். அந்த எரிபொருள் கப்பல்கள் ஓட்ட ஆளில்லாமல் ஏற்கெனவே கட்டி வைக்கப்பட்டிருந்தவை.

மூன்று மாடிக் கட்டடத்தை ரிப்பன் வெட்டித் திறந்துவிட்டு, விஞ்ஞான ஆசிரியரை நியமிக்காமல் விட்ட பாடசாலையை நமக்குத் தெரியும்தானே? படத்துக்குக் கட்டடம் வரும், பாடம் நடக்காது. அரசியல்வாதி எங்கேயும் ஒரே மாதிரித்தான். திறந்துவைக்க முடிகிற பொருளுக்குக் காசு இருக்கும். உதிரிப்பாகம், திருத்த வேலை, சம்பளம், பயிற்சி ஆகியவற்றுக்கு நாடா வெட்ட முடியாது. அதனால் கத்தி முதலில் விழுவது அங்கேதான்.

இப்போது பயம் வந்துவிட்டது. 2027இல் பாதுகாப்புச் செலவை தேசிய உற்பத்தியில் 2.5 வீதமாக்குவதாகப் பிரதமர் கியர் ஸ்டாமர் 2025 பெப்ரவரியில் அறிவித்தார். காசு எங்கிருந்து? வெளிநாட்டு உதவியை 0.5 வீதத்திலிருந்து 0.3 வீதமாகக் குறைத்து. சில வருடங்களுக்கு முன் அது 0.7 வீதமாக இருந்தது. அதாவது, லண்டனில் பதினைந்து வருடமாகப் போட்ட பிழையான கணக்கின் மிகுதியை ஆபிரிக்காவிலும் ஆசியாவிலும் உள்ள ஏழைப் பிள்ளையின் தடுப்பூசியிலும் பள்ளிக்கூடத்திலும் கழிக்கிறார்கள். சிரிப்பு முகம் போட்ட சகோதரர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்கவேண்டும். வல்லரசு மெலிந்தால் எளியவனுக்கு மூச்சு வரும் என்று நினைத்தோம். அது மெலிந்தபோதும் எளியவனின் தட்டில்தான் கைவைத்தது.

நமது நாட்டிலும் படைக்குறைப்பு நடக்கிறது. இரண்டு இலட்சமாக இருந்த இராணுவ ஆளணியை 2030இல் ஒரு இலட்சமாகக் குறைப்பதாக 2023 ஜனவரியில் அறிவித்தார்கள். நாம் அதை மனதார வரவேற்கிறோம். யுத்தம் முடிந்து இத்தனை வருடங்களுக்குப் பிறகும் அவ்வளவு பெரிய படை நமக்குத் தேவையில்லை. ஆனால் பிரித்தானியாவைப் பார்த்த பிறகு சில கேள்விகளைக் கேட்காமல் இருக்கக்கூடாது.

படையோடு சேர்த்து எந்த வேலைகளைக் குறைக்கிறோம்? வெள்ளத்தில் படகோடு வருகிற ஆட்களும், கடலில் காணாமல்போகிற மீனவரைத் தேடுகிற ஆட்களும் அந்த வெட்டில் போய்விடுவார்களா, அல்லது வீண் செலவுதான் போகுமா? வெளியே வருகிற இளைஞனின் கைத்தொழிலை நாடு பயன்படுத்துமா? மிச்சமாகிற காசு உண்மையிலேயே பாடசாலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் வந்து சேருமா?

வரவு செலவுத் திட்ட விவாதம் நடக்கிற நாட்களில் நமது பாராளுமன்ற உறுப்பினர்களிடம் இதைக் கேட்போம். வெட்டுகிறார்களா இல்லையா என்பதோடு நிறுத்தாமல், எதை வெட்டுகிறார்கள் என்று வரி வரியாகக் கேட்போம். படையில் வேலை செய்தவர்கள், செய்கிறவர்கள் நமது ஊர்களிலும் இருக்கிறார்கள். அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதைக் கீழே எழுதினால் எல்லோருக்கும் பயனாக இருக்கும்.